பாலத்தில் முப்பது பேர்

போத்தனூர் யார்டில் முப்பத்து நான்கு வருடம் யார்டு மாஸ்டராக இருந்தேன். அத்தனை வருடத்தில் ஒரு வேகனைத் தொலைத்ததில்லை, ஒரு ஆளைத் தொலைத்ததில்லை, தண்டவாளத்தில் வந்து நின்ற எருமையின் வாலில் ஒரு முடியைக்கூட உதிர விட்டதில்லை. இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி விமலாராணி ஒரு குடையைப் பற்றிப் பேச்செடுப்பாள். குடை ரயில்வே சொத்து இல்லை. அதனால் அதை நான் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்ட சத்தியசீலனைக் கொண்டுபோய் ஒரு படைக்குத் தளபதி ஆக்கினால் என்ன நடக்கும்? ஏழு போர் நடத்தினேன். ஏழிலும் தோற்றேன். ஆனால் எப்பேர்ப்பட்ட தோல்வி! என் வீரர்கள் ஒருவர் விடாமல் கைகால் சுகத்தோடு, சட்டை கசங்காமல், வரிசையாக நின்று தோற்றார்கள். உலகப் போர் வரலாற்றில் இவ்வளவு ஆரோக்கியமாகத் தோற்ற படை வேறு கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

போர் நடந்தது கம்ப்யூட்டரில். போத்தனூர் ஸ்டேஷன் ரோட்டில் டீனா என்கிற பெண் ஒரு கேமிங் சென்டர் வைத்திருக்கிறாள். பெங்களூரு வேலையை உதறிவிட்டு வந்து ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள். காலை பத்து மணிக்கு அங்கே ஈ ஓட்டுவதற்கு ஈகூட இருக்காது. அந்த நேரத்தை ஓய்வுபெற்றவர்களுக்கு என்று ஒதுக்கினாள். புதன்கிழமை தோறும் நாங்கள் நான்கு பேர் போவோம்.

ஆட்டம் விளையாட்டுத்தனமான ஆட்டம் இல்லை. ஆளுக்கு முப்பது வீரர்கள், ஒரு லாரி. குண்டு பட்டால் வீரன் விழுவான். விழுந்தவன் விழுந்தவன்தான். பொத்தானை அமுக்கினால் எழுந்து வந்து சலாம் போடுகிற கதையெல்லாம் அதில் கிடையாது. துப்பாக்கிக்கு நம் ஆள், எதிராளி என்ற பாகுபாடும் தெரியாது. யார் குறுக்கே போனாலும் துளைத்துவிடும். ஒருவன் அடிபட்டால் பக்கத்தில் இருப்பவன் பயந்து குனிந்துகொள்வான். முதல் நாள் டீனா அதை ஆடிக் காட்டியதும் நான் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, கழுத்து வேர்த்து, இரண்டு சோடா குடித்தேன். விமலாராணியைக் கேட்டால் ஒரு சோடா என்பாள்.

எங்கள் நால்வரில் அடுத்தவர் வெங்கடம்மாள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். அதை அவர் முழு மூச்சோடு ஊதினால் மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் நின்றுவிடும். அரங்கசாமி மின்வாரியத்தில் இருந்தவர். எதைத் தொடுவதற்கு முன்னும் கரண்ட் நின்றுவிட்டதா என்று மூன்று முறை கேட்பார். மவுசைத் தொடவும் கேட்டார்.

நான்காவது பீர் முகம்மது. உக்கடத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். கோவையின் பாதிக் கிணறுகள் பாய் சுற்றிய காயிலில்தான் தண்ணீர் இறைத்தன. போன வருடம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வாய் தப்பித்தது, கால் தப்பித்தது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அவர் எங்களோடு சேர்ந்த வாரமே அவர் மனைவி சாஜிதா பேகம் என்னை பேக்கரி வாசலில் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ஆஸ்பத்திரில பதினோரு நாள் உக்காந்திருந்தவ நான். அந்த முகத்த இன்னொருக்கா அப்படிப் பாக்க என்னால ஆகாதுண்ணே. பிரஷர் ஏறப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. விளையாட்டுதான், தெரியும். இருந்தாலும் அவர முன்னால உட்டுறாதீங்க.”

“என்ற யார்டுல ஒரு ஆளத் தொலைச்சதில்லீங்க” என்றேன். எங்கே போனாலும் அதைத்தானே சொல்வேன்.

அதனால் ஏழு ஆட்டத்திலும் பாய்க்கு ஒரே வேலை. படைக்குப் பின்னால் மூன்று மைல் தூரத்தில் இருக்கும் டிப்போவைக் காப்பது. அங்கே எதிரி வந்ததே இல்லை. பாயின் முப்பது பேரும் எண்ணெய் பீப்பாய்களைச் சுற்றி ஏழு போர்களாக நின்றுகொண்டிருந்தார்கள். நின்று நின்று அவர்களுக்கு வேர் இறங்கியிருக்கும்.

எட்டாவது ஆட்டம் சோமனூர் அணியோடு. அந்த அணிக்குத் தலைவர் ஐயாசாமி. இருபத்து நான்கு தறி ஓட்டியவர், இப்போது மகன் கையில் கொடுத்துவிட்டு சோமனூர் சென்டரில் உட்கார்ந்து ஆடுகிறார். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போகிற மனுஷன். அவர் ஆள் விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆட்டம் தொடங்கும் முன்பு இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளலாம். ஹெட்போனில் அவர் குரல் வந்தது.

“ஏனுங்க மாஸ்டரு, சௌக்கியமுங்களா? உங்க ஆளுக எல்லாம் சௌக்கியமுங்களா? போன தடவ ஒருத்தரு தும்முனாருன்னு நீங்க மொத்தப் படையவும் திருப்பிக் கூட்டிட்டுப் போய்ட்டீங்களாமே?”

“அவன் தும்மலீங்க, இருமினான்” என்றேன்.

டீனா பேச்சை நிறுத்திவிட்டு, திரையில் வரைபடத்தைக் காட்டினாள். ஒரு ஆறு. ஆற்றின் மேல் ஒரே ஒரு பாலம். தெற்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன், அதற்குள் கம்ப்யூட்டரே ஓட்டும் ஒரு காவல்படை. நாற்பது நிமிடம் முடியும்போது ஸ்டேஷனில் யார் கொடி பறக்கிறதோ அவர்களுக்கு வெற்றி. சோமனூர்க்காரர்கள் வடக்கிலிருந்து பாலத்தைத் தாண்டி வருவார்கள். நாங்கள் மேற்கிலிருந்து சதுப்பு நிலம் வழியாகச் சுற்றி வரவேண்டும். எங்கள் வழி நீளம். அவர்கள் வழி குட்டை.

“பாலத்த வெடி வெச்சுத் தகர்த்துட்டா?” என்று கேட்டார் வெங்கடம்மாள். கேட்கும்போதே அவருக்குக் கண் மின்னியது.

“இந்த மேப்ல வெடி கிடையாது ஆன்ட்டி. ஒருத்தரோட முப்பது பேரு முன்னாடியே போய் பாலத்து முனைல உக்காந்துக்கணும். அவங்க இருபது நிமிஷம் தடுத்து நிறுத்துனா மத்த மூணு பேரும் ஸ்டேஷனப் பிடிச்சிரலாம்.”

“அந்த முப்பது பேரு எப்பத் திரும்பி வரணும்?” என்று கேட்டேன்.

டீனா என்னைப் பார்த்தாள். “திரும்ப மாட்டாங்க அங்கிள். அத ஒத்துக்கிட்டாத்தான் இந்த ஆட்டமே. ஒத்துக்கலேன்னா எட்டாவது தடவையும் பத்திரமா தோத்துட்டு டீ குடிக்கப் போலாம். டீ நல்லாத்தான் இருக்கும்.”

யார் போவது?

எங்கள் கோவைப் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்கே நாலு சுற்று சுற்றிவர வேண்டும். போய்ச் சாவுங்கள் என்று எப்படிச் சொல்வது?

“அரங்கசாமிங்க, உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லீன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“எனக்கென்னங்க சிரமம்! தாராளமாப் போறேனுங்க. ஆனா பாருங்க, அம்மணி முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக் குடுத்தவங்க. அவிங்கள உட்டுப்போட்டு நா முன்னால போனா மரியாதையா இருக்குங்களா?”

“அய்யோ, மரியாதையெல்லாம் பாக்காதீங்க. நீங்க போங்க. நான் உங்களுக்கு அப்புறம் போறேன்” என்றார் வெங்கடம்மாள்.

“இல்லீங்க, நீங்க போங்க.”

“நீங்க போங்கன்னு சொன்னேனுங்க!”

“நான் போகமாட்டேன்னு சொல்லலீங்களே. நீங்க மொதல்ல...”

கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. சோமனூர்க்காரர்கள் அங்கே பொறுமை இழந்து மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

“நான் போறேனுங்க” என்றார் பீர் முகம்மது.

மூன்று பேரும் திரும்பினோம்.

“பாய், நீங்க டிப்போவப் பாத்துக்கங்க. அது ரொம்ப முக்கியமான எடம்” என்றேன்.

“என்ன முக்கியம்? ஏழு ஆட்டம் டிப்போவப் பாத்தேன். ஏழு ஆட்டத்துல என்ற ஆளுக சுட்டது ஒரே ஒரு மாடு. அதுவும் கை தவறி.”

“எதிரி அந்தப் பக்கமா வந்துட்டாருன்னா...”

“மாஸ்டரு.” பாய் சிரிக்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். “சாஜிதா சொன்னாளா?”

எனக்குப் பொய் சொல்வது புதிதில்லை. எருமை வால் விஷயத்தையே பாதி கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் நாக்கு புரளவில்லை.

“சொன்னாங்க.”

“தெரியும். ஊட்டுல கத்தரிக்கோல ஒளிச்சு வெக்கிறா. மாடிப்படிக்குக் கதவு போட்டுட்டா. பேரன் என்னயத் தாங்கிப் புடிச்சுட்டு நிக்கிறான், நான் செருப்புப் போடறேன். சரி, ஊட்டுல போகட்டும். அவ பயந்தது எனக்குத் தெரியும். இங்கயும் என்னய அலமாரில வெச்ச கண்ணாடி டம்ளர் மாதிரி வெச்சிருந்தா எப்படிங்க? எனக்குக் கை போச்சு. ஆளு இருக்கேனில்ல?”

“பாய், கை வெசையா ஓடணுமே...” என்று இழுத்தார் அரங்கசாமி.

“அதத்தான் சொல்றேன். சதுப்புல ஓடறதுக்கு என்ற கை ஆகாது. மவுசு இடது கைல புடிச்சு நான் ஒரு ஆள நகத்தறதுக்குள்ள நீங்க பத்துப் பேர நகத்திருவீங்க. பாலத்துல நிக்கறவனுக்கு ஓடற வேல இல்லீங்களே? முன்னாடியே போய் உக்கார வெச்சுட்டா அப்புறம் நின்னே ஆகணும். அவ்வளவுதானே? எனக்குன்னு செஞ்ச வேல மாதிரி இருக்கு.”

டீனா தலையாட்டினாள். சரிதான் என்று அவள் சொல்லாமலே தெரிந்தது.

“இன்னைக்கும் டிப்போதான்னா சொல்லிப்போடுங்க” என்றார் பாய். “நான் ஊட்டுக்குப் போறேன். அடுத்த வாரத்துல இருந்து வரமாட்டேன். பீப்பாய்க்குக் காவல் இருக்கறதுக்கு ஊட்டுலயே கேஸ் சிலிண்டர் இருக்கு.”

பேக்கரி வாசலில் சாஜிதா நின்ற நிலை எனக்குக் கண்ணுக்குள் இருந்தது. இந்தப் பக்கம் பாய் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கத் தயாராக இருந்தார். முப்பத்து நான்கு வருடம் சிவப்பு, பச்சை இரண்டையும் காட்டிய கை இது. அன்றைக்கு அது மேசையை விட்டு எழும்பவே இல்லை. கடைசியில் வாயால்தான் சொன்னேன்.

“போங்க பாய். பாலம் உங்களுது.”

ஆட்டம் தொடங்கியது. நாங்கள் மூவரும் சதுப்பில் இறங்கினோம். என் வீரர்கள் இடுப்பளவு சேற்றில் நடந்தார்கள். எனக்கே சாக்ஸ் நனைந்தது போல இருந்தது. வெங்கடம்மாள் பழக்க தோஷத்தில் “லெப்ட், ரைட்” சொல்லிக்கொண்டு போனார். பாய் பாலத்தின் இந்த முனையில் ஆட்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. சுவருக்குப் பின்னால் எட்டு, கவிழ்ந்து கிடந்த வண்டிக்கு அடியில் ஐந்து, ஆலையின் ஜன்னல்களில் ஏழு, சாலையோரப் பள்ளத்தில் பத்து. காயில் சுற்றுகிறவர் கம்பியை எண்ணி வைப்பது மாதிரி வைத்தார். வைத்துவிட்டு மவுசை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் சோமனூர்ப் படை வந்தது. ஐயாசாமி வழக்கம்போல யோசிக்காமல் நாற்பது பேரைப் பாலத்தில் இறக்கினார். பாயின் ஜன்னல்கள் ஏழும் ஒரே நேரத்தில் பேசின. சத்தத்தில் டீனாவின் ஏ.சி. நின்றே போனது. உண்மையில் அது கரண்ட் குறைந்ததால் என்று அரங்கசாமி பின்னால் விளக்கினார். நான் ஏற்கவில்லை.

இரண்டு முறை பாலத்தில் ஏறினார்கள், இரண்டு முறையும் இறங்கினார்கள். மூன்றாவது முறை புகைக்குண்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். பாயின் பள்ளத்துப் பத்துப் பேரில் ஆறு பேர் விழுந்தார்கள். நான் சதுப்பில் நடப்பதை மறந்து பாயின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு. பத்தொன்பது. பதினாறு.

“மாஸ்டரு, உங்க ஆளுக சேத்துல நிக்கறாங்க!” என்று வெங்கடம்மாள் விசிலை ஊதினார். நான் நகர்ந்தேன்.

இருபத்து எட்டாவது நிமிடம். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்தது. பாயிடம் ஆறு பேர் மீதி. ஆலைக்குள் மாடியில் இருந்தார்கள். என் லாரி எனக்குப் பின்னால் காலியாக நின்றது. அதை அனுப்பினால் பாலத்துக்குப் பின்பக்கமாகப் போய் நாலைந்து பேரையாவது ஏற்றிவந்துவிடலாம். ஆனால் ஆறு பேரும் மாடியை விட்டு இறங்கினால் அந்த நிமிடமே பாலம் திறந்துவிடும்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். பழைய புத்தி, வேறென்ன.

“பாய், லாரி வருது. ஆலைக்குப் பின்னால இறங்கி நில்லுங்க. கூட்டிட்டு வந்தர்றேன்.”

“வேண்டாமுங்க.”

“ரெண்டு நிமிஷந்தான் பாய்.”

“வண்டியத் திருப்புங்க மாஸ்டரு.”

“நீங்க இறங்குங்க, நான் பாத்துக்கறேன்...”

“நீங்க பாத்தது போதும்!” என்று கத்தினார் பாய். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னைப் பார்த்துக் கத்தி நான் கேட்டதில்லை. “வண்டி இந்த வளைவத் தாண்டுனா நானே சுடுவேன்!”

அவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். லாரி வளைவைத் தாண்டியது.

ஆலை ஜன்னலில் இருந்து ஒரே ஒரு குண்டு. என் லாரியின் முன் டயர் வெடித்தது. லாரி ஒரு பனைமரத்தில் போய் உட்கார்ந்தது. டிரைவர் கீழே விழுந்தான். என் எண் முப்பதிலிருந்து இருபத்தொன்பது ஆனது. என் வாழ்க்கையில் நான் தொலைத்த முதல் ஆள். அவனைத் தொலைக்க வைத்தது சோமனூர் இல்லை, எதிரி இல்லை, பீர் முகம்மது!

ஆட்டத்துக்கு நடுவில் எதிரணியோடு பேசக்கூடாது. ஆனாலும் ஐயாசாமிக்கு அடக்க முடியவில்லை. “மாஸ்டருங்களே! இதென்னங்க அநியாயம்? உங்க ஆளே உங்க லாரியச் சுடறாரு! நாங்க இப்ப யாரச் சுடறது?”

“வாங்க, வந்து பாருங்க!” என்றார் பாய். அவர் இடது கை மவுசை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. நான் பார்த்தது ஆஸ்பத்திரியில் கிடந்த முகம் இல்லை. உக்கடம் கடையில், எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, அரசாங்கத்தையும் மின்சாரத்தையும் வாடிக்கையாளரையும் ஒரே மூச்சில் திட்டுவாரே, அந்த முகம்.

“அங்கிள், போங்க!” என்றாள் டீனா.

போனேன். ஸ்டேஷனுக்குள் புகுந்தோம். அதன்பிறகு நடந்ததை நான் விவரித்தால் புத்தகம் போட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், நான் ஆட்களை அனுப்பினேன். பின்வாங்கச் சொல்லவில்லை. டிக்கெட் கவுண்டரில் நாலு பேர், பிளாட்பாரத்தில் ஒன்பது பேர், சிக்னல் அறையில் இரண்டு பேர் என்று விழுந்தார்கள். நிறுத்தவில்லை. அரங்கசாமி எதையும் மூன்று முறை கேட்காமல் கதவை உடைத்தார். முப்பத்து மூன்றாவது நிமிடம் பாயின் எண் பூஜ்யம் ஆனது. அவர் திரை சாம்பல் நிறமானது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இடது பக்கம் மாஸ்டரு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒருத்தன். தயங்காதீங்க, உடுங்க ஆள!”

விட்டேன். ஐயாசாமி படை பாலத்தைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்து பிளாட்பாரத்தின் மறுமுனையைத் தொடும்போது நாற்பது நிமிடம் முடிந்தது. நூற்றிருபது பேரில் எங்களுக்கு மிச்சம் பதினேழு. கொடி எங்களுடையது.

வெங்கடம்மாள் ஊதிய விசிலில் தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது. அந்த ஆட்டோவில் இருந்து இறங்கியவர் சாஜிதா பேகம். கணவரைக் கூட்டிப்போக எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்.

உள்ளே வந்தவர் முதலில் பாயின் சிவந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பெரிய திரையைப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எத்தனை பேர் மிச்சம் என்று வரும். பீர் முகம்மது என்ற பெயருக்கு நேரே பூஜ்யம்.

“அண்ணே” என்றார் என்னைப் பார்த்து. “முன்னால உடாதீங்கன்னு சொன்னேனே?”

சொல்ல எத்தனையோ பொய்கள் தயாராக இருந்தன. எதையும் எடுக்கவில்லை.

“உட்டுட்டேன் தங்கச்சி.”

“முப்பது பேருமா செத்துப்போனாங்க?”

“முப்பது பேரும்!” என்றார் பாய், ஏதோ பேரனுக்கு முதல் மார்க் வந்தது போல. “இருபத்தொரு நிமிஷம் நிறுத்தி வெச்சேன் சாஜி. ஒத்தக் கைல. இவரு லாரிய வேற சுட்டேன்.”

“அண்ணன் லாரியவா?”

“குறுக்க வந்தாரு.”

சாஜிதா நாற்காலியில் உட்கார்ந்தார். பாயின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். நாடியும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பாய்க்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. எழுதும் பலகையில் அடுத்த வார ஆட்டத்துக்கு டீனா வரைபடத்தை ஒட்டுவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மலைப்பாதை போல. யாராவது மேல போய் நிக்கணுமா கண்ணு?” என்று கேட்டார்.

“நிக்கணும் அங்கிள். கஷ்டமான எடம்.”

“பேரப் போட்டுக்க.”

டீனா என்னைப் பார்த்தாள். சாஜிதாவும் என்னைப் பார்த்தார்.

“அடுத்த வாரமும் இவர முன்னால உடுவீங்களாண்ணே?”

“உடுவேனுங்க” என்றேன். “இவரு கேட்டா இவரு, கேக்காட்டி நான். டிப்போவுக்கு ஒரு பூட்டுப் போட்டுரலாம்னு இருக்கேன்.”

சாஜிதா கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து டீனாவிடம் நீட்டினார்.

“பதினோரு மணி மாத்திரைம்மா இது. இங்கயே வெச்சுக்க. மொதல்ல மாத்திரையப் போட்டுட்டு, அப்புறமா சாகச் சொல்லு.”